தகரம் தின்னாத பங்கு

ராங்கெல் யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார். யான்த்ரா ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் இப்படி ஒரு மனிதன் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. செப்டம்பர் பிறந்தால் போதும், மொத்தக் குடியிருப்பும் கீழே முற்றத்தில் கூடிவிடும். சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, தக்காளியோடு அண்டாவில் கிண்டி, குளிர்காலத்துக்கு ஜாடி ஜாடியாகத் தொக்கு அடைத்து வைப்பார்கள். பிறகு இந்த வீட்டு ஜாடி அந்த வீட்டுக்குப் போகும், கழுவிய ஜாடி திரும்பி வரும், கூடவே நாலு வம்புப் பேச்சும் வரும். ராங்கெல் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்.

காரணம் அவருடைய வேலை. வண்டிகள் மோதினால் யார் எவ்வளவு வேகத்தில் வந்தார்கள் என்று நீதிமன்றத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பவர் அவர். இன்றைக்கு ஜாடி கொடுக்கிறவனின் மைத்துனன் நாளைக்கு எங்கே போய் முட்டுவான் என்று யார் கண்டது? ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே மறுத்தார். அப்புறம் கொடுப்பதை நிறுத்தினார்கள். அப்புறம் பேசுவதையும் நிறுத்தினார்கள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் குழாய் சொட்டும் சத்தம்தான் பேச்சுத்துணை.

எதிர்வீட்டு வெஸ்கா ஒருத்திதான் விடாக்கண்டி. வருஷம் தவறாமல் ஜாடியோடு கதவைத் தட்டுவாள்.

"விஷம் கிஷம் போடலண்ணே."

"தெரியும் வெஸ்கா. வேண்டாம்."

"வேண்டாம்பீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்குறேன். உங்க மூஞ்சி சுருங்குறதப் பாக்கணும்ல."

இப்படி வாசலில் நின்றபடி கொஞ்ச நேரம் பேசிவிட்டு ஜாடியோடு திரும்பிப் போவாள். ராங்கெலுக்கு அதுதான் திருவிழா. அவள் படியேறும் சத்தம் கேட்டாலே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார், பாவம்.

அந்த வருஷம் காமென் என்ற பையனின் வழக்கு வந்தது. ஊருக்கு வெளியே வளைவில் விளக்கில்லாமல் நின்றிருந்த ஒரு வேன் மேல் அவன் கார் மோதியது. வேன்காரர் இறந்துவிட்டார். காமெனுக்குத் தலையில் அடி, அந்த நாளே நினைவில் இல்லை. அங்கே எழுபதுக்கு மேல் போகக்கூடாது. மேலே போயிருந்தால் சிறை, இல்லாவிட்டால் வீடு.

ராங்கெல் கணக்குப் போட்டார். மோதிய பிறகு இரண்டு வண்டியும் ஒட்டிக்கொண்டு இழுபட்ட தூரம் தெரியும். அதிலிருந்து பின்னோக்கிப் போனால் காமெனின் வேகம் எண்பத்தொன்று. பையன் உள்ளே போக வேண்டியதுதான். ஆனால் ராங்கெல் இன்னொரு கணக்கும் போடாமல் விடமாட்டார். மோதலுக்கு முன் இருந்த இயக்க ஆற்றலில் மோதலுக்குப் பின் மிஞ்சியதைக் கழித்தால், குறைந்த ஆற்றல் எவ்வளவு என்று வரும். அது மாயமாகப் போய்விடாது, வண்டிகளின் தகரத்தை நசுக்கத்தான் போயிருக்கும். அவர் தகரம் நசுங்கிய ஆழத்தை அளந்து பார்த்தார். கணக்கு இடித்தது. குறைந்ததாகக் கணக்கு சொன்ன ஆற்றலில் ஆறில் ஒரு பங்கைத் தகரம் தின்னவே இல்லை.

மறுபடி அளந்தார். மறுபடியும் அதே கதை. சோறு தண்ணி இறங்கவில்லை மனிதருக்கு. விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வெஸ்கா வழக்கம்போல் ஜாடியோடு வந்தாள்.

"இத நீங்க தைரியமா வாங்கலாம். யாரும் காசு போட்டு வாங்குன மிளகாய் இல்ல. ரோட்டுல கிடந்தது."

"எந்த ரோட்டுல?"

"அந்த வளைவுலதான். அந்தப் பையன் கார்ல பின் சீட்டக் கழட்டிட்டு இருபது மூட்டை அடுக்கியிருந்தான். அவனை வெளிய எடுக்கணும்னு நாங்கதான் மூட்டையெல்லாம் இழுத்துப் போட்டோம். போலீஸ் வர்றதுக்குள்ள ஆளுக்கு ஒண்ணு தூக்கிட்டு வந்துட்டோம். அழுகவா விடுறது? சாப்பாடுண்ணே அது."

போலீஸ் அறிக்கையில் கார் காலி. ராங்கெல் கணக்கில் போட்டதும் காலி வண்டியின் எடை. வண்டி கனமாக இருந்தால், வேனை அதே தூரம் தள்ளிக்கொண்டு போகக் குறைந்த வேகமே போதும். குறைகிற ஆற்றலும் சிறுத்துப்போகும், தகரம் சொல்வதோடு ஒத்துப்போகும். சாட்சியை ஊரே சுட்டுத் தோலுரித்து அடைத்து வைத்திருக்கிறது.

கையை நீட்டி ஜாடியை வாங்கிக்கொண்டார்.

வெஸ்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, வாங்கிட்டீங்களே. ரொட்டி இருக்கா வீட்ல? நான் வேணா..."

"வெஸ்கா, இத நான் கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும். நீயும் வந்து சொல்லணும்."

"சாப்பிடத்தான் குடுத்தேன்," என்றாள் அவள்.

வந்து சொன்னாள், அதைச் சொல்லியாக வேண்டும். யார் யார் மூட்டை தூக்கினார்கள் என்று நீதிபதி கேட்டார், அதையும் சொன்னாள். போலீஸ் வீடு வீடாக வந்து நிலவறையில் ஜாடிகளை எண்ணிக்கொண்டு போனது. மூட்டைகளின் எடையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வேகம் அறுபத்தேழு. தகரமும் ஒப்புக்கொண்டது. காமென் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வெஸ்காவை முற்றத்தில் யாரும் சேர்க்கவில்லை. காட்டிக்கொடுத்தவள் என்று காதுபடவே சொன்னார்கள். மொத்தப் பழியும் அவள் தலையில். ராங்கெலை யாரும் ஏசவில்லை. அவரிடம்தான் யாரும் பேசுவதே இல்லையே.

வழக்கு முடிந்ததும் நீதிமன்றம் ஜாடியைத் திருப்பிக் கொடுத்தது. அன்று மதியம் ராங்கெல் அதைத் திறந்தார். ரொட்டியில் தடவி, மிச்சமில்லாமல் வழித்துத் தின்றார். அவ்வளவு ருசியாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜாடியைக் கழுவித் துடைத்து, பொத்தானைச் சரிசெய்துகொண்டு, வெஸ்காவின் கதவைத் தட்டினார். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினார். ரேடியோ நின்றது. கதவு திறக்கவில்லை.

ஜாடியை அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தார். மறுநாளும் அது அங்கேயே இருந்தது. அவள் அதைத் தாண்டிக் கடைக்குப் போவதையும், தாண்டித் திரும்பி வருவதையும் கதவுத் துளை வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த செப்டம்பரில் படியில் காலடிச் சத்தம் கேட்டபோது எழுந்து பொத்தானைப் போட்டுக்கொண்டார். சத்தம் எதிர்க்கதவு வரை வந்தது, பூட்டுத் திறந்தது, உள்ளே போய்விட்டது.