ஒரே அம்மை, இரண்டு பிள்ளைகள்

சில வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம் நடந்தது இது. சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓயாத தெருவில் எங்கள் வீடு. கணவருக்கும் தறி வேலைதான். அவர் என் சொந்த அத்தை மகன் என்பதால், மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து பெரியவன் அம்மையை வாங்கி வந்தான். வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடியே வீட்டை இரண்டாக்கினான், அத்தனை சேட்டை. வீட்டில் அம்மை இருந்தால் எங்கள் பக்கம் தாளிக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கூடாது, ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது. அம்மை இறங்கி அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, நாக்கு செத்துக் கிடந்த எங்களுக்காக ரசத்தைக் கடுகு போட்டுத் தாளித்தேன். மறுநாள் பார்த்தால் சின்னவன் உடம்பில் முத்து போட்டிருந்தது.

அண்ணனைப் போல இவனுக்கு லேசாகப் போகவில்லை. காய்ச்சல் கொதித்தது, மூச்சு வாங்கியது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றபடியே, "அன்னைக்கு உங்க வீட்டுல தாளிப்பு வாசம் வந்துச்சே, அதான் ஆத்தாவுக்குக் கோவம்" என்றார். என் பிள்ளைக்கு நானே எமனாகிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். திட்டித் தீர்ப்பார் என்று நான் பயந்த அத்தை, "ஏட்டி, அழுதது போதும். பிள்ளையத் தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். சாமி காரியத்தில் இம்மியும் பிசகாதவர் அவர். ஏன் என்று கேட்க எனக்கு அப்போது தெம்பில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், அம்மை நுரையீரல் வரை பரவிவிட்டது என்றார்கள். ஆக்சிஜன் வைத்து, ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். பிழைப்பானா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் கண் விழித்து, "பசிக்கும்மா" என்றான் பாருங்கள், அந்தக் குரலை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துக் கேட்டார். சொந்தத்தில் கல்யாணமா? குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் இப்படி அம்மை முற்றி இறந்திருக்கிறார்களா? நான் இல்லை என்று தலையாட்டினேன். பின்னாலிருந்து அத்தை, "எனக்கு மொதல்ல ஒரு பொம்பளப்பிள்ளை பிறந்துச்சு. அம்மையிலதான் போச்சு" என்றார். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் அது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கிருமி இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். பெரியவன் உடம்பு அதை அடக்கிவிட்டது. சின்னவனுக்கு அதை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே குறைவாக இருக்கலாம். அப்பா, அம்மா இரண்டு பக்கமும் வெளியே தெரியாமல் இருக்கிற குறை, பிள்ளையிடம் சேர்ந்து வரும்போதுதான் தெரியும். ரத்தப் பரிசோதனை செய்தால் உறுதியாகும் என்றார். நான் தாளித்த கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்.

அத்தை எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். "அப்போ, நான் தலைக்கு எண்ணெய் தேச்சதாலதான் பிள்ளை போச்சுன்னு எங்க மாமியா சொன்னாவளே, அது இல்லையா தாயி?"

"இல்லம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று டாக்டரம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். அத்தை அழுது முடிக்கும்வரை அவர் கையை விடவில்லை.

பரிசோதனையிலும் அவர் சொன்னபடியே வந்தது. சின்னவன் இப்போது பள்ளிக்குப் போகிறான். அவனுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் எல்லோருக்கும் முன்னால் செருப்பை மாட்டுவது அத்தைதான். போன வாரம் பூக்கட்டிக்கொண்டே சின்னவன் தலையைப் பார்த்து, "அவளுக்கும் இப்படித்தான் முடி சுருட்டையா இருக்கும்" என்று இறந்துபோன மகளின் பெயரைச் சொல்லிப் பேசினார். என் மகனைத் திருப்பித் தந்ததற்கு அந்த டாக்டரம்மாவைக் கும்பிடாத நாளில்லை. ஆனால் பெற்ற பிள்ளையின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்த ஒரு தாய்க்கு அந்தப் பெயரையும் திருப்பித் தந்தாரே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.