அத்தான் காரைத் தாழ்த்திய கதை

என் அக்காவின் கணவர் கஸ்பருக்கு அறுபத்திரண்டு வயது. நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன்; கோபம் வந்தால் மனதுக்குள் வேறு பெயர்களும் உண்டு. கார் சீற் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவர். இருக்கைகளுக்கு உறையை இழுத்து மாட்டுவதுதான் அவர் வேலை. இழுத்து இழுத்தே இரண்டு தோள்மூட்டும் தேய்ந்துபோயின. இப்போது ஒரு சட்டை போட ஐந்து நிமிடம் எடுக்கிறது. வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியும் காலை ஐந்து மணிக்கே எழும்பிவிடுவார். எழும்பியதும் அக்காவைப் புரட்டி மறுபக்கம் படுக்கவைப்பது முதல் வேலை.

அக்கா கிறிஸ்ரினாவுக்கு மூன்று வருடங்களுக்கு முன் முள்ளந்தண்டில் கட்டி வந்தது. கட்டியை எடுத்தார்கள், உயிர் தப்பினாள், இடுப்புக்குக் கீழே உணர்வு மட்டும் திரும்பவில்லை. சக்கர நாற்காலியில் தானே ஏறுவாள், தானே இறங்குவாள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே வழுவழுப்பான பலகை ஒன்றை வைத்து, இரண்டு கையையும் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போவாள். ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டார்கள். விடியப்புறம் புரட்டிவிடுவதைத் தவிர, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள அந்தச் சின்ன வீட்டுக்குள் அவள் யார் தயவிலும் இல்லை. கஷ்டமெல்லாம் வாசலுக்கு வெளியேதான்.

அவர்களிடம் இருக்கும் வாகனம் உயரமான ஜீப் வகை. சீற் நாற்காலியை விட ஐந்து அங்குலம் மேலே. பலகையை வைத்தால் ஏணி சாத்தியதுபோல நிற்கும். ஆகவே ஆளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். போன வருடம் உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் போன இடத்தில், இறக்கும்போது அத்தானின் தோள் பாதியில் கைவிட்டுவிட்டது. கோயில் வாசலில் நின்ற இரண்டு பேர் ஓடிவந்து, ஒருவர் கமக்கட்டிலும் ஒருவர் காலிலும் பிடித்துத் தூக்கினார்கள். சேலை முழங்காலுக்கு மேலே போய்விட்டது. இழுத்துவிட அவளால் முடியவில்லை. விழாமல் இருக்க இரண்டு கையாலும் அந்த மனிதரின் கழுத்தைப் பிடித்திருந்தாள். பூசைக்கு வந்த சனம் முழுக்கப் பார்த்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து சேலையை மாற்றிய பிறகு சொன்னாள்: “இனி என்னை ஒருத்தரும் தூக்கக்கூடாது. செத்தாப் பிறகு தூக்குங்கோ, அதுக்கு முன்னம் வேண்டாம்.”

அதன் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெங்கும் போகவில்லை. அதற்கு மாநகரத்தின் வாகனம் வரும். சாய்தளத்தால் ஏற்றி, நாற்காலியை நாலு பட்டியால் தரையோடு கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டுப்பட்டு ஒரு நல்லது கெட்டதுக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள். சொந்தமாகச் சாய்தள வான் வாங்க வசதியில்லை. ஒரு வருடம் போனது. தொலைபேசியில் பேசினால் முன்பெல்லாம் என்னைத் திட்டாமல் வைக்கமாட்டாள். இப்போது திட்டுவதையும் விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் அத்தானின் யோசனை கராஜுக்குள் கிடந்த நோவா என்ற பழைய காரில் போய் நின்றது. 1973ஆம் ஆண்டுக் கார். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், வானநீலம். பதினைந்து வருடங்களுக்கு முன் ஒஷாவாவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் வாங்கியது. கிழவர் வாலிபராக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட கார்களின் பின்பக்கத்தை உயர்த்தி, அடியில் தடித்த அகல ரயர்களைப் போடுவது பெரிய நாகரிகமாம். எங்கள் அக்கா அதில் ஒரு நாளும் ஏறியதில்லை. “பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிக்குது, வெக்கங்கெட்ட கார்,” என்பாள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அத்தான் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் நோவாவின் கதவு விரியத் திறந்திருக்கிறது. பக்கத்தில் அக்காவின் நாற்காலி வெறுமையாக நிற்கிறது. இவர் கையில் அளவு நாடா.

“யூட்சன், உந்தக் கதவைப் பார். ரண்டு கதவுக் கார் எண்டபடியா நல்ல நீளம். நாற்காலி அப்பிடியே சீற்றோட ஒட்டி நிக்குது. சீற்றும் கோயில் வாங்கு மாதிரி ஒரே நீளம். பலகை வைக்கலாம்.”

“அப்ப வைக்கிறதுதானே?”

“ஒண்டரை அங்குலம் உயரமாக் கிடக்கு. அதோட பின்பக்கம் தூக்கி நிக்கிறதாலை சீற் முன்னுக்குச் சரிஞ்சிருக்கு. கால் ஊன்றுற ஆளுக்குப் பரவாயில்லை. அவ பிரேக் அடிச்சவுடனை முன்னுக்கு வழுக்கிப் போயிடுவா. பின்பக்கத்தை மூண்டு அங்குலம் இறக்கினா இங்கை ஒண்டரை இறங்கும், சரிவும் போயிடும்.”

“தெரிஞ்ச கராஜிலை குடுங்கோ அத்தான்.”

“அவங்களுக்குக் காரைத் தெரியும். இருக்கிற ஆளைத் தெரியாது,” என்றார்.

நான் பாடசாலைப் பேருந்து ஓட்டுபவன். ஓட்டத் தெரியுமே தவிர, அடியில் கிடந்து திருத்தத் தெரியாது. அத்தானால் கையை மேலே உயர்த்த முடியாது என்பதால் கார்ட்போட் மட்டை ஒன்றை விரித்து நான்தான் காரின் அடியில் படுத்தேன். அவர் பக்கத்தில் குந்தியிருந்து ஏவினார். இந்த நாட்டில் பனி உருக வீதிக்குப் போடும் உப்பு ஒரு ஆணியையும் விட்டுவைக்காது. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, நீளக் குழாய் போட்டுத் திருகி, ஒன்று முறிந்தும் போனது. துரு முழுக்க என் கண்ணுக்குள். மூன்று சனிக்கிழமைகள் போயின. ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டுப் புல் முழங்கால் உயரம் வளர்ந்ததென்று என் மனைவி றஜிதா தினமும் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

பின்சக்கரங்களின் அச்சை இரண்டு பக்கமும் வளைந்த ஸ்பிறிங் பட்டைகள் தாங்குகின்றன. கிழவர் அந்தப் பட்டைகளின் நுனியில் நீளமான இரும்புத் துண்டுகளைப் பூட்டித்தான் காரை உயர்த்தியிருந்தார். அவற்றைக் கழற்றிக் கட்டையானவற்றைப் போட்டதும் இரண்டு அங்குலம் இறங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வீட்டுக்குப் போகலாம் போலவும் இருந்தது.

“ரண்டோட விடுங்கோ அத்தான். ரயரைப் பாருங்கோ, மேல் தகட்டுக்குக் கிட்ட வந்திட்டுது.”

“ரண்டு எண்டா பலகை மேல்நோக்கி நிக்கும்.”

“அரை அங்குலம் தானே?”

“உனக்கு அரை அங்குலம். ரண்டு கையாலை மட்டும் உடம்பை இழுக்கிற ஆளுக்கு அது மலை.”

அச்சு ஸ்பிறிங்குக்கு மேலே இருப்பதால், நடுவே ஒரு கட்டை வைத்தால் கார் அவ்வளவு தாழும்; ஓர் அங்குல இரும்புக் கட்டையை வைத்து இறுக்கினோம். மூன்று அங்குலமும் இறங்கியது. ரயருக்கும் தகட்டுக்கும் நடுவே என் ஒரு விரல் போகும் இடைவெளி. போதும் என்றார். காரைத் தாங்கிகளிலிருந்து தரைக்கு இறக்கி, நாற்காலியை ஒட்டி நிறுத்தி, பலகையைப் போட்டு, அதன் நடுவில் ஒரு தேசிக்காயை வைத்தார். சைவக்காரர் புதுக்காருக்குச் சக்கரத்தின் கீழே வைத்து நசுக்குவார்கள். எங்கள் ஆள் மேலே வைத்துச் சரிவு பார்த்தார். தேசிக்காய் அசையவில்லை.

அக்காவைக் கூப்பிட்டோம். வாசல் சாய்தளத்தால் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். “ரண்டு பேரும் அங்காலை திரும்பி நில்லுங்கோ,” என்றாள். நின்றோம். பலகை கிறீச்சிட்டது, மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால் நோவாவின் முன் சீற்றில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நெற்றி முழுக்க வியர்வை. அத்தான் தரையில் கிடந்த, ஆணி கழற்றும் சாவிகளைப் பொறுக்கினார். அவருக்கு மகிழ்ச்சிப்படவும் தெம்பு இருக்கவில்லை.

வீட்டு முற்றத்திலேயே காருக்குள் முக்கால் மணித்தியாலம் இருந்துவிட்டு, “ஓகஸ்டிலை மிட்லண்டுக்குப் போவம்,” என்றாள் அக்கா.

மிட்லண்டில் ஒரு திருத்தலம் இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். கோடையில் எங்கள் சனம் யாத்திரை போகும் இடம். செபமாலையை மறந்தாலும் மறப்பார்களே ஒழிய, சோற்றை மறந்து யாரும் போனதில்லை.

யாத்திரை அன்று எங்கள் வானை மகன் வேலைக்கென்று ஒஷாவாவுக்குக் கொண்டுபோய்விட்டான். அக்காவும் அத்தானும் ஸ்ரௌவ்வில்லுக்கு வந்து எங்களையும் ஏற்றிக்கொண்டு போவதென்று ஏற்பாடு. வந்து இறங்கியபோது அத்தான் உற்சாகமாகவே இருந்தார். “வழி முழுக்க ஒரு ஆட்டமும் இல்லை,” என்றார். அக்கா மாம்பழ நிறச் சேலை கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஏற்றினோம். சோற்றுப் பெட்டி, கோழிக்கறிச் சட்டி, கத்தரிக்காய்ப் பால்கறி, ஐஸ் பெட்டி, தண்ணீர்ப் போத்தல் இரண்டு கட்டு, மடிப்புக் கதிரை நாலு, பாய், பெரிய குடை, பூசணிபோலக் கனத்த வத்தகப்பழம் ஒன்று. இவ்வளவுக்கும் கீழே ஏற்கெனவே அக்காவின் சக்கர நாற்காலி. அதற்கும் மேலாக, பின் சீற்றில் ஏறுவதற்கு றஜிதாவும், தொண்ணூற்றாறு கிலோவில் நானும். மூன்று சனிக்கிழமை அரை அங்குலத்துக்காகச் சண்டை பிடித்த இரண்டு பேரும், வெறுங்காரை மட்டுமே அளந்தோம் என்பதை யோசிக்கவேயில்லை. ஏறும்போது கார் ஒருதரம் முனகியது. பழைய கார்தானே என்று இருந்துவிட்டேன்.

ஸ்ரௌவ்வில்லை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு தண்டவாளம் வரும். அதில் ஏறி இறங்கியபோது பின்னால் கர்ரென்று ஒரு சத்தம். உடனே றப்பர் எரிந்த மணம். அத்தான் ஓரத்தில் நிறுத்தினார். நானும் இறங்கிப் பார்த்தேன். பின்பக்கம் அப்படியே குந்திப்போய், ரயர் தகட்டோடு முட்டிக்கொண்டு நின்றது. ரயரின் விளிம்பு சீவியிருந்தது. இன்னும் இரண்டு மேடு ஏறியிருந்தால் பெருந்தெருவில் வெடித்திருக்கும்.

அத்தான் முழங்காலில் நின்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்புவதற்கு அவருக்கு விருப்பமில்லை போலிருந்தது.

“பாரம் கூடிப்போச்சு. ஆக்கள் இறங்க வேணும்,” என்றார் அங்கிருந்தே.

அக்கா கையை வெளியிலிருந்து உள்ளே எடுத்தாள். சீற் பட்டியைக் கழற்றினாள். பக்கத்தில் சாத்தியிருந்த பலகையை இழுத்து மடியில் வைத்தாள்.

“யூட்சன், நாற்காலியை எடு. நான் இறங்கிறன். ஆரும் வந்து என்னை வீட்டை கொண்டுபோய் விடட்டும். நீங்கள் மூண்டு பேரும் போட்டு வாங்கோ, சாப்பாடு வேறை பழுதாப் போயிடும்.”

கோபமில்லை, அழுகையுமில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. நேரே பின்னால் போய் நாற்காலியைத் தேடிச் சாமான்களை ஒதுக்கத் தொடங்கினேன். றஜிதா அக்காவைக் கொண்டுபோய் விட யாரைக் கேட்கலாம் என்று தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்குமே அது சரியான ஒழுங்காகத்தான் பட்டது.

“என்ன செய்யிறாய்?” அத்தானின் குரல். எழும்பி நின்றார்.

“நாற்காலி…”

“நாற்காலியிலை கை வைக்காதை.” அக்காவின் பக்கம் திரும்பினார். “நீர் ஏன் இறங்கிறீர்? நீர் இரும். பட்டியைப் போடும்.” பிறகு எங்களிடம்: “நீங்கள் ரண்டு பேரும் இறங்கி இங்கையே நில்லுங்கோ. சட்டி பெட்டி எல்லாத்தையும் இறக்குங்கோ.”

“சோறுமோ அண்ணை?” என்றாள் றஜிதா.

“சோறும்தான்.”

“அப்ப அங்கை என்ன சாப்பிடுறது?”

“பட்டினி கிடப்பம். நான் இந்தக் காரை இறக்கினது சோத்துக்கு இல்லை.”

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இதுவும் சத்தமில்லை, களைத்துப்போன மனிதர் ஒருவர் இனி ஒரு அங்குலமும் விடமாட்டேன் என்று சொல்வது. எல்லாவற்றையும் இறக்கிப் புல்லில் வைத்தோம். நாற்காலி மட்டும் உள்ளே இருந்தது. கார் மெல்ல எழும்பியது. அத்தான் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போனது. முன்னால் போய் ஏறி, சாவியைத் திருப்பினார்.

அக்கா பலகையைப் பழையபடி பக்கத்தில் சாத்தினாள். நானும் றஜிதாவும் வீதியோரத்தில் கறிச்சட்டியோடும் வத்தகப்பழத்தோடும் நின்றோம். எங்களை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தாள்.

“உங்களை ஏத்த ஆரும் வருவினமோ?” என்று கேட்டாள்.

“வருவினம் அக்கா. நீ போ.”

“வெயிலுக்கை நிக்காதை, விசரா. அந்தக் குடையை விரி,” என்று திட்டிவிட்டு, அந்த நீளக் கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தினாள்.