தொப்பியோடு பால் கறப்பவர்

ஷாவோ மாமா தொப்பியைக் கழற்றாமலே முகம் கழுவுகிறார். கன்னம் நனைகிறது, காது நனைகிறது, தொப்பியின் விளிம்பில் மட்டும் ஒரு துளி படுவதில்லை. படுத்தால் தொப்பி மூக்கின் மேல் ஏறிக்கொள்ளும். கணவாயில் மலைத் தெய்வத்தைக் கும்பிடும்போது எல்லோரும் தொப்பியைக் கையில் எடுப்பார்கள். மாமா ஒரு விரலால் அதை லேசாகத் தூக்கிவிட்டு உடனே இறக்கிவிடுவார். தெய்வத்துக்கு அவ்வளவு போதுமாம்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த தொப்பி அது. அதற்கு அடியில் முடி கிடையாது என்பது பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரியும். யாருக்கும் தெரியாது என்று மாமா நம்புகிறார்.

எண்பத்து மூன்று யாக்குகளையும், அந்தச் சடைமாடுகளின் நடையை வைத்தே அவர் அடையாளம் சொல்வார். கவண்கல் எறிந்தால், வழி தவறும் யாக்கின் கொம்பில் பட்டு 'டொக்' என்று சத்தம் வரும்; தோலில் படாது. நான் குறிப்பேட்டை எடுத்தால் மட்டும் அவர் முகம் மாறிவிடும். "நம்ம வீட்லயே முதல்ல காலேஜுக்குப் போனவ நீ. சாணி பொறுக்குறதப் பத்தி எழுதறதுக்கா அவ்ளோ தூரம் போன?" என்பார். மேய்ப்பர் வாழ்க்கையைப் பதிவு செய்கிறேன் என்று மூன்று கோடைகளாகக் கூடாரம் கூடாரமாக அலைகிறேன்.

எங்கள் பக்கம் மேய்ப்பதும் பாரம் ஏற்றுவதும் ஆண்கள் வேலை, கறப்பது பெண்கள் வேலை. மடிக்குக் கீழே உட்கார்ந்த ஆணைப் பற்றி மூன்று கோடைக்காவது பேசுவார்கள். போன வாரம் மாமாவின் மனைவி லூமோ அத்தையைப் பித்தப்பைக் கல்லுக்காக நகர ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மோட்டார் சைக்கிளில் ஏறும்போது அத்தை சொன்னது ஒன்றுதான்: "மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். அரைநிலா வத்திடக் கூடாது."

அரைநிலா, நெற்றியில் வெள்ளை விழுந்த பெண் யாக். அத்தையின் பிறந்த வீட்டிலிருந்து வந்த வம்சம். வசந்தத்தில் அவள் கன்றை ஓநாய் கொண்டுபோய்விட்டது. கன்று இல்லாத யாக் சுலபத்தில் பால் இறக்காது. அரைநிலா அத்தையின் கைக்கும் குரலுக்கும்தான் இறக்குவாள். சில நாள் கறக்காமல் விட்டால் மடி கல்லாகி, அந்த வருடத்துக்குப் பால் நின்றுவிடும்.

நான் கறப்பேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உறைவிடப் பள்ளியில் வளர்ந்த என் விரல்களுக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. "நல்லா எழுதுது கை," என்று சொல்லிவிட்டு, மாமா அத்தையின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டார். தோளில் தையல் பிரிந்தது. தொப்பி மட்டும் அதே இடத்தில். மற்ற யாக்குகள் கோட்டை முகர்ந்து பார்த்து ஏமாந்தன. அரைநிலா ஏமாறவில்லை. இரண்டு நாள் வாளி காலியாகவே திரும்பியது.

மூன்றாம் நாள் காலை எனக்கு ஒரு யோசனை. போன கோடையில் அத்தை பாடிய கறவைப் பாட்டு என் ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தது. மடிக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். அரைநிலா ஒரு காதைத் திருப்பினாள். பிறகு வாலைத் தூக்கிச் சாணி போட்டாள்.

"உன் பதிவுக்கு அவ குடுக்குற மரியாதையப் பாரு," என்றார் மாமா.

மேட்டில் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஏறி, அத்தையைக் கூப்பிட்டு, பாட்டு பலிக்காததைச் சொன்னேன். அத்தை சிரித்த சிரிப்பில் ஆபரேஷன் தையல் வலித்திருக்க வேண்டும். "ஐயோ, அது உன் மெஷினுக்காகப் பாடினதுடி. புத்தர் பேரெல்லாம் வருமே, அதுதான? அவகிட்ட அப்படிப் பாடுனா நிப்பாளா? உங்க மாமாவத் திட்டித்தான் கறப்பேன்."

மூன்று கோடை உழைப்பில் எதைத்தான் பதிவு செய்தேன் என்று அங்கேயே உட்கார்ந்து யோசிக்கத் தோன்றியது. அதற்கு மாமா விடவில்லை. போனைப் பிடுங்கினார்.

"என்னன்னு திட்டுவ? சொல்லு."

"நீ ஏன்யா கேக்குற? போனைப் புள்ளகிட்ட குடு."

"மடி கல்லாயிட்டிருக்கு, லூமோ. சொல்லு."

அத்தை மெட்டோடு பாடினாள். பெண் பார்க்க இரவல் குதிரையில் வந்தவன். தன் குறட்டைக்குத் தானே பயந்து எழுந்தவன். கடைசி வரி: 'தலையில ஒண்ணுமில்ல, மேல மட்டும் பெரிய கூடாரம்.'

மாமா தொப்பி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "உனக்குத் தெரியுமா?" என்றார் மெதுவாக.

"உன் தலகாணிய யாருய்யா தொவைக்கிறா? அதுல ஒரு முடி கண்டிருக்கேனா?"

இறங்கி வந்து கோட்டோடு உட்கார்ந்தார். கருவியைப் புல்லில் வைத்தேன். இந்த முறை பதிவு செய்ய. மாமா குரலை மெலிதாக்கித் தன்னைத் தானே திட்டத் தொடங்கினார். இரவல் குதிரை வரிக்கு அரைநிலா அசைபோடுவதை நிறுத்தினாள். குறட்டை வரிக்கு முதல் பீச்சல் வாளியில் விழுந்தது. ஆனால் கறப்பவர் நெற்றியை விலாவில் சாய்க்க வேண்டும். தொப்பி விளிம்பு அவள் வயிற்றில் குத்தியது. நகர்ந்துகொண்டாள். பால் நின்றது.

அப்போது பார்த்துப் பக்கத்துக் கூடாரத்துத் தாப்கே மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். கோட்டைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார்.

"என்ன லூமோக்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து எப்ப வந்தீங்க? மீசை வளர ஊசி போட்டாங்களா?"

மாமாவின் காதுகள் சிவந்தன. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் பாட்டை விடவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் ஒரு கையால் தொப்பியைக் கழற்றி, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்த என் கருவியின் மேல் கவிழ்த்தார். வெயிலில் மின்னிய தலையை அரைநிலாவின் விலாவில் சாய்த்து, அந்த வரியை இன்னும் சத்தமாகப் பாடினார்.