பஸ் நின்ற இடம்

நாசிக் சாலையில், வெங்காய வயல்களுக்கு நடுவே நாலு கடைகள் மட்டுமே உள்ள ஊர் அது. அங்கே பஸ் ஜன்னலோரம் கொய்யா விற்ற பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. நெடிய, கறுத்த உருவம். பத்து நயா பைசா பழமானாலும் முகர்ந்து பார்த்துத்தான் கொடுத்தாள்.

டீக்கு நின்ற பஸ் எங்கள் மகளை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. முன்னால் பெண்கள் இருக்கையில் அம்மாவிடம் இருப்பாள் என்று நானும், பின்னால் என்னிடம் இருப்பாள் என்று என் மனைவியும் நினைத்திருந்தோம். தெரிந்ததும் பதறி இறங்கி, ஒரு கரும்பு லாரியில் திரும்பினோம்.

பஸ் நின்ற அதே இடத்தில், கவிழ்த்த கூடைமேல் குழந்தை உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் தன் முந்தானையை அவளுக்கு மேல் விரித்துப் பிடித்திருந்தாள். அடுத்து வந்த பஸ்ஸின் டிரைவர், "நகரு பாயி!" என்று கத்தினார்; அந்தப் பக்கத்தில் பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள்.

"ரோடு உங்க அப்பன் வீட்டுதா? தள்ளி நிறுத்து!" என்றாள்.

"கடை நிழல்ல உட்கார வெச்சிருக்கலாமே, பாயி?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"வெச்சிருக்கலாம் சாகேப். நீங்க ஓடி வந்து பாக்கறப்போ இந்த இடம் காலியா இருக்குமே!"

மாட்டுங்கா வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரமாகிறது. தூக்கத்தில் விழித்துக் குழந்தையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். முன்பின் தெரியாத ஒருவனின் பயத்தை, நான் வருவதற்கு முன்பே அவள் எப்படி நினைத்துப் பார்த்தாள்?