சினை இல்லாத கெளுத்தி

ஊறிய அட்டை வாசனை... கும்மிடிப்பூண்டி பக்கம் எங்கள் ஓடையில் அப்போது அதுதான் அடிக்கும். பேப்பர் மில் தண்ணீர் கறுப்பாக வரும். மீன் செத்து மிதக்கும்.

ஊரே போய்ச் சண்டை போட்ட பிறகு சுத்திகரித்து விட ஆரம்பித்தார்கள். தண்ணீர் தெளிந்தது. கெளுத்தி திரும்பி வந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மீன் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித்தான் பிடிப்பேன். முள் குத்தாமல் கெளுத்தி பிடிக்க எங்கள் தெருவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்.

அந்த ஐப்பசியில் மகள் செல்வி ஆறு மாத வயிற்றோடு வந்திருந்தாள். கடையில் விற்கும் ஐஸ் மீன் வேண்டாம் என்று, தினமும் நானே பிடித்துக் குழம்பு வைத்தேன்.

ஒரு நாள் கேட்டாள். "எம்மா, சினை வறுத்துக் குடும்மா."

மழைக்காலத்துக் கெளுத்திக்கு வயிறு முட்டச் சினைமுட்டை இருக்கும். ஐந்து மீன் அறுத்தேன். ஒன்றிலும் இல்லை.

பக்கத்து வீட்டு மேரி சிரித்தாள். "இன்னாக்கா, ஆம்பள மீனா பாத்து புடிச்சிக்கினு வந்தியா?"

மறுநாள் ஒன்பது அறுத்தேன். அதற்கு அடுத்த நாள் பதினொன்று. எல்லாம் வெறும் வயிறு. மேரி சிரிக்கவில்லை.

"தண்ணி கண்ணாடி மாரி கீதேக்கா... அப்பால ஏன் சினை புடிக்கல?"

உள்ளே செல்வி நேற்றுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கினேன்.

"இன்னாம்மா?"

"ஊசிப்பூட்ச்சுடி."

மில்லில் வேலை பார்க்கிறவரிடம் கேட்டேன். "டெஸ்ட்டெல்லாம் பண்ணிட்டாங்கம்மா. மீனு உயிரோடதான கீது?"

உயிரோடுதான் இருந்தது, சினை மட்டும் இல்லை. எனக்குப் பயமே அதுதான்.

பேத்தி பிறந்ததும் விரல், காது, கண் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன். குறை ஒன்றுமில்லை. ஆனால் நான் பயந்தது வெளியே தெரிகிற இடமா?

இப்போது அவளுக்குப் பத்து வயது. இன்றைக்கோ நாளைக்கோ வயசுக்கு வந்துவிடுவாள். வருவாளா என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்...

அப்போது கறுப்புத் தண்ணீரைப் பார்த்து ஒதுங்கினோம். இப்போது தெளிந்த ஓடையை போட்டோ எடுத்து இந்த ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறீர்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஐந்தாவது படித்த எனக்குக் காரணம் சொல்லத் தெரியாது. மீன் வயிறு தெரியும். அறுத்துப் பார்க்காமல் புள்ளத்தாச்சிக்குக் கொடுக்காதீர்கள்.

செல்வியிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்த குரூப்பில் அவளும் இருக்கிறாள்.

படித்துவிட்டு போன் பண்ணுவாள்... என்ன சொல்வேன்?