விண்கப்பலும் மாதா தண்ணீரும்

எங்கள் ஊர் உறுவையாற்றில் விண்கப்பல் பொம்மை செய்கிறவன் நான் ஒருவன்தான். ஃபைபர் பட்டறையில் வேலை. அங்கே மிஞ்சும் ரெசின் என்ற பிசினைக் கேட்டு வாங்கிவந்து, நானே வரைந்த கப்பல்களை அச்சில் வார்ப்பேன். ரெசின் கல்லாக இறுக, ஹார்டனர் என்ற திரவத்தைச் சில சொட்டு கலக்க வேண்டும். பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும்.

ஒருநாள் ஹார்டனர் டப்பா ஒழுகுகிறதே என்று அண்ணி அதைக் காலிக் குப்பி ஒன்றில் ஊற்றி என் மேசைமேல் வைத்திருக்கிறார். வில்லியனூர் மாதா கோயிலில் தண்ணீர் பிடித்துவரும் குப்பி அது. அதைப் பார்த்த அம்மா, "மாதா தண்ணிய இந்தக் குப்பையிலயா வைப்பாங்க?" என்று எடுத்துப்போய் வீட்டிலிருக்கும் மாதா சுரூபத்தின் முன் வைத்துவிட்டார். இரண்டுமே எனக்குத் தெரியாது.

அன்று மாலை கப்பலின் இறக்கையை உப்புத்தாளால் தேய்க்கும்போது வலக்கண்ணில் தூசு விழுந்தது.

"இன்னாடா கண்ணக் கசக்கினு இருக்க? மாதா தண்ணி ரெண்டு சொட்டு வுட்டா சரியாப் பூடும்" என்று அம்மாவே விட்டார்.

அலறிக்கொண்டு தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கினேன். பெரியாஸ்பத்திரிக்குப் போயும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

"மாதா ஒரு கண்ணையாவது வுட்டு வச்சாங்களே" என்றார்கள் ஊரார். "இந்தக் கருமம் புடிச்ச பொம்மைங்க இல்லன்னா இதெல்லாம் வருமா?" என்றார் அண்ணி. குப்பியில் ஊற்றி வைத்தவர் அவர்.

இப்போதும் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மா அந்தக் கண்ணில் மாதா தண்ணீர் விட வருகிறார். நான் தடுப்பதில்லை. முதலில் அதில் ஒரு சொட்டை ரெசினில் கலந்து வைக்கிறேன். இறுகவில்லை என்று தெரிந்த பிறகே கண்ணைக் காட்டுகிறேன்.