ஏஞ்சல் மீனுக்கு நாலு குடம் நல்ல தண்ணீர்

பிளீச்சிங் பவுடர் வாசனை... இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

அப்போது அருப்புக்கோட்டையில் வாடகை வீடு. எனக்குத் திருச்சுழியில் ஆபீஸ் வேலை. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு. அந்த வருஷம் தீபாவளிக்குச் சேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலு ஏஞ்சல் மீனும் வாங்கினேன். வெள்ளி உடம்பு, கறுப்புப் பட்டை, மேலும் கீழும் நீண்ட துடுப்பு... பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. குழாயில் நல்ல தண்ணீர் வருவதோ எப்போதாவது. அதையும் உடனே மீனுக்கு ஊற்றக் கூடாது, அதில் போட்ட பிளீச்சிங் பவுடர் வாசனை போக இரண்டு நாள் வாளியில் வைக்க வேண்டும் என்று மீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு வாளி இருக்கும்.

"குடிக்கவே தண்ணியக் காணோம், இவுக மீனுக்கு நல்ல தண்ணி கேக்குதாக்கும்!"

தெருவே பேசியது. பேசட்டும். நான் உப்புத் தண்ணீரில் தலைக்குக் குளித்து மிச்சம் பிடித்த தண்ணீர் அது.

எட்டு மாதம் கழித்து ஒரு ஜோடி முட்டை போட்டது! தொட்டிக்குள் நின்ற ஃபில்டர் குழாயில், வரிசை வரிசையாக, கடுகைவிடச் சின்னதாக... இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நின்றன. நான் கிட்டே போனால் கண்ணாடியை முட்ட வந்தன. மூன்றாம் நாள் பொரிக்கும் என்றார் கடைக்காரர். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

அந்த மூன்றாம் நாள் பார்த்தா குழாயில் தண்ணீர் வர வேண்டும்?

தண்ணீர் வரும் நாளில் எங்கள் ஊர் வீடுகளில் பழசு ஒரு சொட்டு மிஞ்சாது. எல்லாவற்றையும் கொட்டி, அண்டா குண்டா தேய்த்து, புதுசு பிடிப்பார்கள். எங்களோடு இருந்த என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, இதில் கெட்டிக்காரி. என் வாளி இரண்டையும் கொட்டிவிட்டார். தொட்டியையும் விடவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் நாலு மீனும் சாய்ந்து மிதக்கின்றன. ஃபில்டர் குழாய் பளபளவென்று இருக்கிறது.

"நாலு கொடம் நல்ல தண்ணி ஊத்திருக்கேன். கொழாயில புடிச்ச பாசியக்கூட நாரு போட்டுத் தேச்சேன். செத்தா நானா பொறுப்பு?"

"அது பாசி இல்ல மதினி, முட்ட! தண்ணிய ஒடனே ஊத்தாதீகன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"மீனு கொழாயிலயா முட்ட போடும்? நல்லாருக்கே கத!"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "விடு, வேற வாங்கிக்கிருவோம்." நான் அழுததைப் பார்த்து, ஆபீஸுக்குப் போகிற திமிர் என்றார்கள். மீனுக்கும் திமிருக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இப்போது சொந்த வீடு. மாடியில் டேங்க், அடுப்படியில் ஃபில்டர்... தண்ணீருக்குக் குறையில்லை. மீன் மட்டும் நான் திரும்ப வாங்கவில்லை.

போன வாரம் மதினி போன் பண்ணினார். பேரன் ஏஞ்சல் மீன் வாங்கியிருக்கிறானாம்.

"ஏத்தா, கொழாத் தண்ணிய அப்படியே ஊத்தக் கூடாதாம்ல. ரெண்டு நாளு வாளியில வைக்கணுமாம். செல்லுல பாத்துச் சொன்னான். ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் மதினி."

"அடிப்பாவி! தெரிஞ்சா அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"